கேட்காமல் எடுத்த கன்று

நான் யார் வீட்டுப் பொருளுக்கும் ஆசைப்பட்டவள் இல்லை. ஒரு படி இரவல் வாங்கினாலும் அன்று பொழுது சாய்வதற்குள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் எழுபது வயதுக்கு மேல், ஒருநாள் மத்தியானம், கையில் கொத்தனார் கரண்டியோடு பக்கத்து வீட்டுச் சுவரில் வயிற்றை வைத்துத் தொங்கினேன். அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் வீடு இலுப்பூர்ப் பக்கம். ஒரு கோடைமழையில் பின்சுவர் விழுந்துவிட்டது. இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அவன் பஸ் ஓட்டுகிறான். அறந்தாங்கிக்கு வெளியே, வயலைத் திருத்திப் பிரித்த மனைகளில் ஒன்றில் புதுவீடு கட்டியிருந்தான். மருமகள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். நல்ல பிள்ளை. நான் ஒரு டிரங்குப் பெட்டி, துணியில் முடிந்த நாலைந்து விதைகள், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு மருதாணிக் குச்சி, இவற்றோடு ஆனி மாதம் போய் இறங்கினேன்.

வீடு அழகாகத்தான் இருந்தது. தரை வழவழவென்று இருந்தது, வெளியிலும் சிமெண்ட் கல். ஒரு எறும்பு புற்று வைக்க நினைத்தால்கூட இடம் கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் குழாய்க்குள் இறங்கி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நல்ல தண்ணீர் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போவது எனக்கு முதல் வாரம் முழுக்க மனசை அறுத்தது.

சமையலறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் மட்டும் ஆறடி அகலத்துக்கு வெறும் மண் கிடந்தது. கல் பதிக்கிற ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் மிஞ்சிய இடம் அது. அதை எனக்கு விட்டுவிடு என்று மகனிடம் கேட்டேன்.

“இந்த மண்ணுல என்னாத்தா வரும்? கிராவலக் கொட்டி ரோலரு ஓட்டுன எடம்” என்றான்.

“வரும்” என்றேன்.

“தைக்குள்ள வந்துச்சுன்னா வச்சுக்க. வரலேன்னா கல்லப் பதிச்சுருவோம். மழை பேஞ்சா சேறாகுது, ஒன் மருமக வழுக்கி விழுந்துருவா.”

மருமகள் தையலை நிறுத்தாமல், வேறு எதுவும் வராவிட்டாலும் ஒரு கறிவேப்பிலை வந்தால் போதும் என்றாள். முன்பெல்லாம் காய்கறியோடு கொசுறாகக் கொடுத்த கடைக்காரன் இப்போது அதையும் கட்டுக் கட்டி விற்கிறானாம். வாய் விட்டு அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்வேன்.

கடப்பாறையை எடுத்துக் குத்தினால் ‘ணங்’ என்று திருப்பி அடித்தது மண். முதல்நாள் ஒரு முழம்கூட நகரவில்லை. மறுநாள் விடியும்போதே தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, வெயில் ஏறும் முன் குத்தினேன். ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம், அவ்வளவுதான் கணக்கு. எனக்கு எங்கே போக அவசரம்? தோண்டத் தோண்ட உடைந்த டைல்ஸ், கட்டுக்கம்பி, சிமெண்ட் கட்டி, பாக்குப் பொட்டலம், கடைசியில் பிடி கழன்ற ஒரு கொத்தனார் கரண்டி. எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டேன். கரண்டியை மட்டும் கழுவி, துணியைச் சுற்றிப் பிடியாக்கி வைத்துக்கொண்டேன்.

கண்மாய் வண்டல் ஐந்து சாக்கு மகனை விட்டுக் கொண்டுவரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். தெருவோடு ஆடு ஓட்டிப் போகிறவரிடம் சொல்லி வைத்து ஆட்டுப் புழுக்கை வாங்கிப் போட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குழாயில் விடாமல் வாளியில் பிடித்துக் கொண்டுபோய் ஊற்றினேன். வீட்டில் குழாய் இல்லையென்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என்று மருமகள் சங்கடப்பட்டாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆடி பிறந்ததும் விதைத்தேன். கீரைதான் முதலில் வந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், மண்மேல் சிவப்பு நூலைக் கத்தரித்துத் தூவிய மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. அவரை அப்படியில்லை. அது வரும்போதே வீம்பாக வரும். தலையில் ஒரு சில்லு மண்ணைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. அந்த மண்ணைத் தட்டிவிடலாம் என்று விரல் போனது, தட்டவில்லை. அதுவே தள்ளிக்கொள்ளட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே காபி ஆறிவிட்டது. கணவர் போன பிறகு, என் வீடும் போன பிறகு, காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்க ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் மறுபடியும் கிடைத்தது. மருதாணிக் குச்சியும் கணுவில் பச்சை காட்டியது.

கறிவேப்பிலை மட்டும் வரவில்லை. மைக் கட்டிக்கொண்டு வருகிற செடி வண்டியில் ஒன்று வாங்கி வைத்தேன், பத்து நாளில் காய்ந்தது. ஆவணியில் இன்னொன்று வாங்கினேன். அது புரட்டாசி வரை இலையை வைத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டு, பிடுங்கிப் பார்த்தால் வேரே விடவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கறிவேப்பிலையை விலைக்கு வாங்கி வைக்க மாட்டோம், கேட்டும் வாங்க மாட்டோம். அடுத்த வீட்டில் தாய்மரத்தின் காலடியில் முளைத்த கன்றை, அவர்கள் கொடுக்காமல், நாமாக எடுத்து வர வேண்டும். எடுத்ததை அது தளிர் விடுகிறவரை யாரிடமும் வாய் திறந்து சொல்லக் கூடாது. மரத்துக்காரருக்கும் ஒரு முறை உண்டு. யாராவது எடுப்பதைப் பார்த்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இலுப்பூர் வீட்டில் என் மரத்தடியில் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டோடு பேசிக்கொண்டிருப்பேன். ஆகவே எங்கள் ஊரில் அதைத் திருட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

புதுவீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. நல்ல மரம், சுவருக்கு மேல் ஒரு ஆள் உயரம். அடியில் ஐந்தாறு கன்றுகள். வீட்டுக்காரர்கள் கோட்டைப்பட்டினத்து முஸ்லிம்கள். கணவரும் மனைவியும்தான், மகன் குவைத்தில். அந்தம்மாளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் அந்த மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். நான் வந்த புதிதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சாப்பிட்டாச்சா அக்கா என்று கேட்பாள். ஆச்சு என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

எனக்குக் கண் அந்தக் கன்றுகள்மேல் விழுந்த பிறகு ஒரு பயம் வந்தது. இவளோடு பேச்சு வளர்ந்தால், நம்முடைய காய்ந்த செடியைப் பார்த்துவிட்டு, இந்தாங்க அக்கா என்று ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவாளே. கொடுத்துவிட்டால் அப்புறம் அது பிடிக்காது. ஆகவே அவள் குடத்தோடு வருகிற சத்தம் கேட்டால் நான் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒருநாள் அவள் சுவரருகே வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. புரட்டாசி முழுக்க இப்படியே ஒளிந்து விளையாடினேன். அது அந்தப் பக்கம் நிற்கிறவள் கண்ணுக்கு எப்படிப் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசியில் மழை விழுந்து மண் நெகிழ்ந்தது. இதைவிட்டால் வேறு நேரமில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, தெருவே தூங்குகிற நேரம் பார்த்து, இரண்டு சிமெண்ட் கல்லை அடுக்கி ஏறினேன். தரையில் நின்றால் சுவர் என் நெஞ்சுக்கு இருக்கும். வயிற்றை அதன்மேல் வைத்துச் சாய்ந்து, கரண்டியை அந்தப் பக்கம் விட்டு, சுவரோரம் இருந்த ஒரு கன்றை வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு பெயர்த்தேன். வந்துவிட்டது. திரும்பி இறங்கத்தான் வரவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் கொஞ்ச நேரம் ஈரத்துணி மாதிரி தொங்கினேன். காலை உதறியதில் ஒரு செருப்பு பறந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. எப்படியோ இறங்கி, கன்றை நட்டு, தண்ணீர் விட்டு, பனை ஓலையால் நிழல் கட்டிவிட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் அந்தம்மாள் முன்வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பையில் என் செருப்பு. மகனும் அன்று வீட்டில் இருந்தான்.

அவர்கள் வீட்டுச் சன்ஷேடுக்கு அடியில் வெள்ளையாக உருண்டையாக ஒன்று இருக்கும். அதை நான் பல்பு என்று நினைத்திருந்தேன். அது கேமரா. குவைத்தில் இருக்கிற பிள்ளையின் போனில் நான் சுவரில் தொங்கியது முழுவதும் தெரிந்திருக்கிறது. ஒரு வயசான அம்மா கரண்டியோடு நம் சுவரில் தொங்குகிறது, விழுந்துவிடப் போகிறது, போய்ப் பாருங்கள் உம்மா என்று அங்கிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். இவள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வருவதற்குள் நான் இறங்கிவிட்டேன். செருப்புதான் கிடந்திருக்கிறது.

அவள் சண்டை போட வரவில்லை. செருப்பைப் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“கன்னு வேணும்னா ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாக்கா? ஒரு மாசத்துக்கு மேலா என்னயக் கண்டாலே உள்ள போயிர்றீங்க. நாங்க குடுத்தா வாங்கப் புடிக்காதுன்னு நெனச்சீங்களா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூசிப் போனேன். அவள் கேட்டது கன்றைப் பற்றியே இல்லை. நாங்கள் என்று அவள் சொன்ன சொல்லில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எழுந்து அவள் கையைப் பிடித்து, அப்படியெல்லாம் இல்லை தாயி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏன் ஒளிந்தேன் என்று சொல்லப் போனால் கன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தளிர் விடுகிறவரை சொல்லக் கூடாது. குனிந்து படியில் இருந்த செருப்பை எடுத்துக்கொண்டேன். அவள் வாரேன் என்று என் மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மகன் என்னைத் திட்டியே பழகாதவன். அன்றைக்கு, இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா என்று கேட்டான். கன்றைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேள் என்றான். முடியாது என்றேன். காரணம் கேட்டான். அதையும் சொல்லவில்லை. மருமகளின் மெஷின் ஓடுகிற சத்தம் அன்று வேறு மாதிரி இருந்தது. தையில் கல் பதித்துவிடலாம் என்று மகன் அவளிடம் சொன்னான். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்தக் கன்றுதான் எனக்கு எல்லாம். செத்துப்போனால் நான் வாய் திறக்கவே வழியில்லை. செத்த பிறகு காரணம் சொன்னால் அது சாக்கு. அவரை பந்தல் ஏறிப் பூத்தது, நான் சரியாகப் பார்க்கவில்லை. தினம் காலையில் ஓலையை விலக்கி உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரத்தில் இருந்த இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. குச்சி மட்டும் நின்றது. நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடத்துத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். நான் இப்போது உள்ளே ஓடவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வி இல்லாத காலை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மழைநாளில் நனைந்துகொண்டே, நட்ட குச்சிக்கு முன்னால் குந்தி, வா ஆத்தா, என்னய மானங்கெடுத்தாத என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள், குச்சியின் நுனியில் ஒரு கடுகு. நாலு நாளில் அது விரிந்து இரண்டு தளிரானது. எண்ணெய் தடவியது போல மினுங்கியது. தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து பார்த்தேன். வாசம் வந்துவிட்டது.

முதல் பறிப்பாக அவரைக்காயை முந்தானையில் கட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் செருப்பைப் போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி அவர்கள் முன்வாசலுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பக்கத்து வழக்கம், செத்துப்போன இரண்டு கன்று, அவள் கொடுத்துவிடுவாளோ என்று நான் பயந்து ஒளிந்தது, அடுப்பில் இல்லாத பால், எல்லாவற்றையும். கடைசியில் சொன்னேன்:

“நீ குடுத்தா வாங்கக் கூடாதுன்னு இல்ல தாயி. நீ குடுத்துருவியேன்னுதான் ஓடுனேன்.”

அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் கிணற்றுத் தண்ணீரே உப்பாம். எதை வைத்தாலும் நுனி கருகிவிடுமாம். இங்கே வீடு கட்டி வந்த பிறகு அவள் தன் கையால் வைத்து மரமான முதல் மரம் அந்தக் கறிவேப்பிலை. கன்றுகளை எண்ணி எண்ணி வைத்திருந்தாளாம். அதில் ஒன்று எனக்கு என்று, நான் வந்த முதல் மாதமே நினைத்து வைத்திருந்தாளாம். அன்று சுவரருகே வந்து வாயெடுத்தது அதற்குத்தான்.

நல்லவேளை நீ சொல்லவில்லை என்றேன். இந்த முறை வாய்விட்டே சிரித்தாள்.

மகனிடம் அன்றைக்கே காரணத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் பின்பக்கம் போய், ஓலையை விலக்கி அந்த இரண்டு தளிரையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தை வந்தது. கல் பதிக்கிற ஆளும் வந்தார். மகன் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய், சுவரோரம் நாலடியை விட்டுவிட்டு, நடக்க மட்டும் இரண்டடிக்குக் கல் போடச் சொன்னான். பொங்கலன்று குழம்புக்கு அவரை எங்கள் பந்தலில் பறித்ததுதான். கறிவேப்பிலை இன்னும் பறிக்கிற அளவுக்கு வரவில்லை. மருமகள் தாளிக்கிற நேரத்தில் வெளியே வந்து, ஒரே ஒரு இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போனாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பின்னால் ஒருநாள் மத்தியானம் பந்தலடியில் பழுத்த இலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மருதாணி அதற்குள் இடுப்பளவு வளர்ந்து சுவரோரம் கிளைத்திருந்தது. நோன்புப் பெருநாள் வரப்போகிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது முந்தின நாள் காதில் விழுந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு வளையல் சத்தம். ஒரு கை மெதுவாகச் சுவருக்கு மேல் வந்தது. அந்தக் கையில் சமையலறைக் கத்தி.

நான் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். பேச ஆடு இல்லை. வாளிதான் இருந்தது. வாளியைப் பார்த்து, என்ன இன்னைக்கு வெயிலு இந்தக் காய்ச்சு காய்ச்சுது என்று சத்தமாகச் சொன்னேன். அடிக்குச்சியாக, கணு இருக்கிற இடத்தில் வெட்ட வேண்டும், நுனியை வெட்டினால் பிடிக்காது. அதைச் சொல்ல நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. வெட்டுகிற சத்தம் கேட்டது, ஸ்டூல் கிரீச்சென்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தேன். சரியாகக் கணுவுக்குக் கீழேதான் வெட்டியிருந்தாள்.

சாயங்காலம் மருமகளின் போன் அடித்தது. குவைத்திலிருந்து அந்தப் பிள்ளை. என்னிடம் கொடுக்கச் சொன்னானாம்.

“பெரியம்மா, எங்க உம்மா ஸ்டூலுல ஏறி ஒங்க செடிய வெட்டுது. போன்ல பாத்தேன். நீங்க பாக்கலயா?”

நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்றேன். நீயும் அந்த நேரத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளப்பா, தளிர் வந்த பிறகு பேசலாம் என்றேன்.